அம்மா, அப்பாவைப் படத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

அம்மா இறந்தது அதிகாலை மூன்றரை மணிக்கு. ஐந்து மணிக்கெல்லாம் தம்பி பிளெக்ஸ் கடைக்காரரை எழுப்பிவிட்டான். தெருமுனையில் பேனர் கட்ட வேண்டும், ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மாலை போட ஒரு படம் வைக்க வேண்டும். "அம்மா போட்டோ ஒண்ணு அனுப்புக்கா" என்று போன் செய்தான். என் போனில் அன்று ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன.

மகனின் காதுகுத்துப் படங்கள் மட்டும் நூற்று நாற்பது. அத்தனையிலும் அம்மா இருக்கிறார். தாய்மாமன் மடியில் பிள்ளை அலற, அவன் தலையை ஆடாமல் பிடித்திருப்பது அம்மாவின் கை. நெளி மோதிரமும், தேய்ந்த இரண்டு வளையலும், கட்டைவிரல் நகத்தில் ஏறிய மஞ்சளும் அவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன. முகம் ஒன்றில்கூட விழவில்லை.

கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த முகத்தைத்தான் எடுத்தார்கள். கடைக்காரர் தன் கணினியில் தயாராக வைத்திருந்த பட்டுப்புடவை உடம்பு ஒன்றில் அந்த முகத்தை ஒட்டி, பின்னால் நீல வானம் போட்டுக் கொடுத்தார். அவர் மேல் குற்றமில்லை, நாங்கள் கொடுத்தது அவ்வளவுதான். அம்மா ஆயுசுக்கும் போடாத ஒரு கல் நெக்லஸ் அந்தப் படத்தில் இருந்தது. சித்தி அதைப் பார்த்துவிட்டு, "இது அக்கா கழுத்தே இல்லையே" என்று ஓரமாகப் போய் அழுதார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அம்மாவின் படங்களைத் தேடி அலைந்தேன். அப்பாவையாவது ஒழுங்காகப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று அதையும் செய்தேன். எங்கே நேரம் வீணானது, எங்கே பணம் போனது, எதைத் திருத்தவே முடியாமல் போனது என்பதெல்லாம் இப்போது தெரியும். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பெற்றோர் உயிரோடு இருப்பவர்களுக்கும், கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நீங்களும் ஒரு பிள்ளைக்கு அம்மா, அப்பாதான்.

1. முதலில் கணக்கெடுங்கள்

இன்று இரவு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கூகுள் போட்டோஸிலும் ஐபோனிலும் முகம் வாரியாகப் படங்களைத் தொகுத்துக் காட்டும் வசதி இருக்கிறது. அம்மாவின் முகத்தைத் தொட்டால் அவர் இருக்கும் படங்கள் எல்லாம் வரும். எத்தனை என்பது முக்கியமில்லை. நான்கு விஷயங்களை மட்டும் பாருங்கள். கடந்த இரண்டு வருடத்தில் அம்மா தனியாக, முகம் தெளிவாக, கேமராவைப் பார்த்து ஒரு படம் இருக்கிறதா? அப்பாவுக்கு? இருவரும் சேர்ந்து? ஒவ்வொரு பேரப்பிள்ளையோடும் தனித்தனியாக?

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் சேர்ந்து இருந்த படங்கள் இரண்டு. ஒன்று கல்யாணப் படம். மற்றொன்று 2008-ல் அப்பா ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்துக்காக எடுத்த கூட்டுப் படம். நடுவில் முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை.

அப்புறம் உங்களுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். வீட்டில் யார் கையில் கேமரா இருக்கிறதோ அவர் படத்தில் இருக்க மாட்டார். என் மகனுக்கு நான்கு வயது ஆகும்வரை நான்தான் படமெடுத்தேன். அவன் முதன்முதலில் நடந்ததும், பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளும் என்னிடம் இருக்கின்றன. அவனுக்கு, அந்த நாளில் அம்மா எப்படி இருந்தாள் என்று பார்க்க ஒன்றுமில்லை.

2. "எனக்கு எதுக்குப் போட்டோ?" என்பதைக் கடப்பது

ஆள்தான் பெரிய தடை, கேமரா அல்ல. "நரைச்சுப் போச்சு", "பல்லு இல்லாத வாயை எதுக்கு எடுக்குற", "நீங்க எடுத்துக்குங்க, அடுப்புல பால் இருக்கு." இந்த மூன்றில் ஒன்று வரும். விவாதம் செய்து ஜெயிக்க முடியாது. எங்களுக்குப் பலன் கொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

ஒரு காரணத்தோடு கேளுங்கள். "உங்களை எடுக்கணும்" என்றால் கூச்சம் வரும். "பேரன் ஸ்கூல்ல குடும்பப் படம் கேட்டிருக்காங்க" என்றால் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். எல்.கே.ஜி. சேர்க்கும்போது பல பள்ளிகள் உண்மையாகவே கேட்கின்றன. பொய் சொல்ல வேண்டாம். பிள்ளையின் பிறந்தநாள், புது வண்டி, வீட்டுக்கு வெள்ளையடித்தது என்று ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும்.

அடுப்படியிலிருந்து அவர்களை விடுவியுங்கள். விசேஷ நாளில் அம்மா படத்தில் இல்லாமல் போவதற்கு முக்கியக் காரணம், அந்த நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பதுதான். பத்து நிமிடம் நீங்கள் கரண்டியைப் பிடியுங்கள், படத்தை வேறு யாராவது எடுக்கட்டும்.

மூன்று பேராக நின்று எடுக்கக் கூடாது என்பார்கள். சரி, நான்காவதாக ஒரு குழந்தையைக் கூப்பிட்டு நிறுத்துங்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் ஆச்சி சொல்வார். அவரிடம் வாதாடாமல், பேத்தியை அவர் மடியில் உட்கார வைத்து, "பாப்பாவை எடுக்கிறோம்" என்று எடுத்தோம். அந்தப் படம் இன்று ஐந்து வீடுகளில் மாட்டியிருக்கிறது.

கவனம்: தெரியாமல் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வெயில் காலத்தில் அப்பா துண்டோடு திண்ணையில் படுத்திருந்ததைத் தம்பி எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். அப்புறம் ஏழு மாதம் அவர் போனைக் கண்டாலே எழுந்து போனார். எடுத்ததை அவர்களிடம் முதலில் காட்டுங்கள், பிடிக்காததை அவர்கள் கண்முன்னே அழியுங்கள். அந்த நம்பிக்கை வந்துவிட்டால் அடுத்த முறை தானாக வந்து நிற்பார்கள்.

கணவரை இழந்த அம்மாக்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கல்யாண மேடையில் குரூப் போட்டோ என்றதும் அவர்கள் தாமாகவே தூண் ஓரம் ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் போகச் சொல்வதில்லை, யாரும் வரச் சொல்வதும் இல்லை. என் பெரியம்மா தன் சொந்த மகளின் கல்யாண ஆல்பத்தில் இரண்டே படத்தில் இருக்கிறார். இரண்டிலும் பின்வரிசை. உங்கள் வீட்டுக் கல்யாணம் என்றால், போட்டோகிராபரிடம் முதல் நாளே பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள்: மணமக்களோடு அம்மா தனியாக, முன்வரிசை நாற்காலியில். மேடைக்கு யாரோ அழைத்து வருவார்கள் என்று விடாதீர்கள். மகனோ மகளோ இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.

3. நாளும் நேரமும்

தீபாவளி, பொங்கலுக்கு எல்லோரும் கூடுவோம், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுத்தான் நாங்கள் ஏமாந்தோம். அந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் நேரம் இருக்காது. விசேஷத்துக்கு மறுநாள் காலை மிகவும் நல்லது. வெளியூர்க்காரர்கள் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள், சமையல் குறைவு, புதுத்துணியும் கையில் இருக்கும்.

வெளிச்சத்துக்குக் காலை ஆறரை முதல் எட்டரை, மாலை நாலரை முதல் ஆறு. நம் ஊர் உச்சி வெயிலில் கண் குழிக்குள் நிழல் விழுந்து, பத்து வயது கூடுதலாகத் தெரியும். வயதானவர்களுக்குக் காலைதான் சரி. குளித்து, காபி குடித்து, தெம்பாக இருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த படங்களில் அப்பா எல்லாவற்றிலும் சோர்ந்திருக்கிறார்.

மண்டப விசேஷம் என்றால் பந்திக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பந்தி தொடங்கிவிட்டால் யாரையும் ஒன்று சேர்க்க முடியாது.

அறுபதாம் கல்யாணம், எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செய்யுங்கள், நல்லது. ஆனால் கண் அறுவைச் சிகிச்சை, மூட்டு மாற்று, பல் எடுப்பது என்று ஏதாவது தேதி குறித்திருந்தால் அதற்கு முன்னால் ஒரு முறை படம் எடுத்துவிடுங்கள். அம்மாவின் சிரிப்பு பல் செட் போடுவதற்கு முன்னால் வேறு, பின்னால் வேறு. எனக்கு முன்னதுதான் வேண்டியிருக்கிறது. அது இல்லை.

4. போனிலேயே நன்றாக எடுப்பது

பெரிய கேமரா வேண்டாம். 12 மெகாபிக்சல் போன் படம் 4000×3000 புள்ளிகள் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 13×10 அங்குலம் வரை கூர்மையாக அச்சிடலாம். சுவரில் மாட்ட அது போதும்.

லென்ஸை முதலில் துணியால் துடையுங்கள். வீட்டு போனில் பாதிப் படம் மங்குவது எண்ணெய்க் கையால்தான். வாசலை ஒட்டி உள்பக்கம் நிறுத்துங்கள், அல்லது ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. திரையில் முகத்தைத் தொட்டால் போன் அந்த முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். மாநிறமும் கறுப்புமாக இருக்கும் நம் முகங்கள் வெள்ளைச் சுவர் பின்னணியில் இருண்டு போவதை இப்படித்தான் தடுக்க முடியும். ப்யூட்டி பில்டரை அணைத்துவிடுங்கள். அம்மாவின் சுருக்கத்தை அழித்தால் அது அம்மா இல்லை.

கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணில் வெளிச்சம் அடிக்கும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள், முகமே மாறிவிடும். தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள், போகும்.

பெரியவர்களைக் குரூப்பின் ஓரத்தில் நிறுத்த வேண்டாம். போனின் அகல லென்ஸ் ஓரத்தில் இருப்பவர்களின் முகத்தை இழுத்து அகலமாக்கும். நடுவில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போய் 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுப்பது இன்னும் நல்லது.

நீங்களும் படத்துக்குள் வர டைமரைப் பத்து விநாடிக்கு வையுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் அரிசி டப்பாவில் சாய்த்து வைக்கலாம். செல்பி கடைசி வழி. செல்பியில் இன்னொரு சிக்கல், பல போன்கள் படத்தைக் கண்ணாடி போல இடம் வலமாகத் திருப்பிச் சேமிக்கும். அம்மாவின் ஒற்றைக்கல் மூக்குத்தி வலது மூக்கில். அப்படித் திரும்பிய ஒரு செல்பியைப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட பிறகுதான் மூக்குத்தி பக்கம் மாறியிருப்பதைச் சித்தி கண்டுபிடித்தார். ஆயிரம் ரூபாய்க்கு மேல் வீண். போன் அமைப்பில் முன்கேமராவின் பிரதிபலிப்பை அணைத்து வையுங்கள்.

நிற்க வைத்து எடுத்த பிறகு போனை உள்ளே வைத்துவிடாதீர்கள். அம்மா பூக் கட்டும்போது, அப்பா பேப்பரை மடித்து வைத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றும்போது, இருவரும் கணக்கு நோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது எடுங்கள். அப்பா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது தற்செயலாக எடுத்த ஒன்று என்னிடம் இருக்கிறது. பேனாவை அழுத்தும்போது நாக்கு நுனி லேசாக வெளியே எட்டிப்பார்க்கும். அவரைத் தெரிந்தவர்கள் அந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

5. ஆவணப் படங்களையும் அன்றே முடித்துவிடுங்கள்

வெளுத்த சுவர் முன்னால் நிறுத்தி, தோள் வரை தெரிய ஒவ்வொருவரையும் தனியாகவும், தம்பதியாக ஒன்றும் எடுத்து வையுங்கள். இது எங்கெல்லாம் தேவைப்படும் என்று சொல்கிறேன்.

அரசு ஊழியர் ஓய்வு பெறும்போது ஓய்வூதியக் கருத்துருவோடு (ஓய்வூதியம் கேட்டு அனுப்பும் ஆவணத் தொகுப்பு) கணவன், மனைவி சேர்ந்த கூட்டுப் படம் கேட்பார்கள். பலரும் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் ஐந்து நிமிடத்தில் எடுத்து, வெட்டி, ஒட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அப்பா எடுத்ததும் அப்படித்தான். பல வருடம் கழித்து அதைப் பெரிதாக்க வேண்டி வந்தபோது ஸ்டுடியோவில் கோப்பு இல்லை. கருத்துருவில் இருந்த பிரதியின் மேல் அலுவலரின் பச்சை மை கையெழுத்து அம்மாவின் நெற்றி வழியாகப் போயிருந்தது. பழைய பாஸ்புக் உறைக்குள் கையெழுத்தில்லாத ஒரே ஒரு பிரதி கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். உங்கள் வீட்டில் யாராவது ஓய்வு பெறப்போகிறார்கள் என்றால், ஆறு மாதம் முன்பே இருவரையும் இடுப்பு வரை தெரியும்படி நன்றாக எடுத்து, அதிலிருந்து சிறிய அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். எட்டுப் பிரதி போடுங்கள். நான்கை ஸ்டேப்ளர் குத்தாமல் உறையில் வையுங்கள். கோப்பைப் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் விசா படம். அமெரிக்க விசாவுக்கு 2×2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி அணியக் கூடாது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 35×45 மில்லிமீட்டர். இரண்டுக்குமே ஆறு மாதத்துக்குள் எடுத்த படம்தான் செல்லும். கடையில் அளவை நீங்களே சொல்லுங்கள். "விசா சைஸ்" என்று மட்டும் சொன்னால் ஒரே அளவை எல்லா நாட்டுக்கும் கொடுத்துவிடுவார்கள்.

குடும்பத்தோடு குடியேற விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு விஷயம். பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்தவர்களிடம் உறவை நிரூபிக்கத் துணைச் சான்றுகள் கேட்பது உண்டு. பள்ளிச் சான்றிதழ் போன்றவற்றோடு, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் பழைய படங்களையும் கொடுக்கலாம். பின்பக்கம் வருடமும் இடமும் எழுதியிருந்தால் அந்தப் படத்துக்கு வலு கூடும்.

6. பழைய படங்களைத் தேடுவது

உங்கள் அம்மா உங்கள் ஆல்பத்தில் இல்லாவிட்டால் அடுத்தவர் ஆல்பத்தில் இருப்பார். எனக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். பக்கத்து வீட்டு வளைகாப்பு, அத்தை மகன் கல்யாணம், அம்மா வேலை பார்த்த பால்வாடியின் ஆண்டு விழா. போனில் கேட்டால் "பார்த்து அனுப்புறேன்" என்பார்கள், வராது. நேரில் போங்கள். அரை நாள் உட்கார்ந்து அவர்களோடு ஆல்பத்தைப் புரட்டுங்கள். படம் கிடைக்காவிட்டாலும் யார் யார், எந்த வருடம் என்பது கிடைக்கும். அதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணம் எடுத்த ஸ்டுடியோ இன்னும் இருந்தால் நெகட்டிவ் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரிண்டைவிட நெகட்டிவில் விவரம் அதிகம் இருக்கும்.

பழைய வீடியோ கேசட்டை நம்பி அதிகம் செலவழிக்க வேண்டாம். அதில் ஓடும் காட்சியை நிறுத்தி எடுக்கும் ஒரு படம் 720×576 புள்ளிகள்தான், இரண்டரை அங்குலத்துக்கு மேல் அச்சிட்டால் குழம்பும். ஆனால் அம்மா நடப்பதும் பேசுவதும் வேறு எங்கும் இல்லை என்றால், அதற்காகவே மாற்றி வையுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை வீட்டு டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும்.

7. ஸ்கேன் செய்வது

பசை ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தையும், பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும் பிய்க்காதீர்கள். எங்கள் வீட்டுக் கல்யாணப் படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. நான் நகத்தால் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அப்பாவின் மாலையில் பாதி கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தாலே நன்றாக வந்திருக்கும். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம், மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

கடையில் "ஸ்கேன் பண்ணிக் கொடுங்க" என்றால் பெரும்பாலும் 200 அல்லது 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) செய்வார்கள். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண ஆல்பம் படத்துக்கு 600, பாஸ்போர்ட் அளவுக்கு 1200. 35×45 மில்லிமீட்டர் படத்தை 1200-ல் எடுத்தால் சுமாராக 5×7 அங்குலத்துக்குப் பெரிதாக்கலாம். அதற்கு மேல் போனால் முகம் பஞ்சாகிவிடும். பின்பக்கத்தில் எழுத்தோ ஸ்டுடியோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள்.

ஒரிஜினலைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கூட்டமில்லாத முற்பகலில் போய் உட்கார்ந்து, கையோடு வாங்கி வாருங்கள்.

8. பழுது பார்ப்பது

கிழிசல், கறை, வெளிறல் ஆகியவற்றை நன்றாகவே சரிசெய்கிறார்கள். சிக்கல் முகத்தில்தான். இப்போது பல கடைகளில் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டு ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடுகிறார்கள். கூர்மையாக இருக்கும், அழகாகவும் இருக்கும், ஆள் வேறு. மங்கலான கண்ணுக்குப் பதிலாக அந்த மென்பொருள் தனக்குத் தெரிந்த ஒரு கண்ணை வரைந்து வைக்கிறது. எனக்கு வந்த முதல் பிரதியில் அம்மாவின் மோவாயில் இருந்த மச்சம் போயிருந்தது, இமை தடித்திருந்தது. என் மகன் பார்த்துவிட்டு "இது யாரு?" என்றான்.

எனவே கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: முகத்தில் கை வைக்கக் கூடாது, மச்சம், தழும்பு, மூக்குத்தி, பொட்டு அப்படியே வேண்டும், வேறு உடம்பு ஒட்டக் கூடாது. முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். முடிந்த படத்தை, அதில் இருப்பவரைப் பல வருடமாகத் தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டிவிட்டுப் பிரிண்ட் சொல்லுங்கள். மங்கலாகவே இருந்தாலும் அம்மா முகம் அம்மா முகமாக இருப்பது மேல்.

9. செலவு

கும்பகோணம் பக்கம் நான் கொடுத்ததைச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் கூடும், குறையும். பாஸ்போர்ட் அளவு எட்டுப் பிரதி 100 ரூபாய். ஸ்டுடியோவில் குடும்பப் படம், 8×12 பிரிண்டோடு 700. வீட்டுக்கே ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் எடுத்துக் கொடுத்ததற்கு 4,000, கோப்புகள் எல்லாம் சேர்த்து. ஸ்கேன் படத்துக்கு 15, அறுபது படம் என்றதும் 10 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். பழுது பார்க்கச் சிறியதற்கு 300, கல்யாணப் படத்துக்கு 1,200, இரண்டு வாரம் ஆனது. 12×18 பிரிண்ட் 200, பிரேம் 900.

காசு குறைவாக இருந்தால் பிரேமைத் தள்ளிப்போடுங்கள், ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். வெளிறிக்கொண்டிருக்கும் படம் அடுத்த வருடம் இன்னும் வெளிறியிருக்கும். வீட்டுக்கு ஆளை வரவழைப்பது நடக்க முடியாத பெற்றோருக்கு மட்டுமாவது செய்ய வேண்டிய செலவு.

10. வைத்துக் காப்பது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எச்டி என்று போட்டு அனுப்பினாலும் ஓரளவு சுருங்கும். அச்சிட வேண்டிய படத்தை "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள். காதுகுத்து அன்று உறவினர் ஒருவர் அம்மாவோடு எடுத்த நல்ல படம் ஒன்று வாட்ஸ்அப் வழியாகத்தான் எனக்கு வந்தது. ஒரிஜினல் கேட்டபோது அவர் போனை மாற்றியிருந்தார். இப்போது அதை உள்ளங்கை அளவுக்கு மேல் அச்சிட முடியாது.

மூன்று பிரதி வையுங்கள். ஒன்று போனில் அல்லது கணினியில், ஒன்று ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள தம்பி, தங்கையிடம் அல்லது கூகுள் போன்ற இணையச் சேமிப்பில். கூகுளில் இலவச இடம் 15 ஜிபி, அதில் மின்னஞ்சலும் சேர்த்தி. இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். அப்பா பெயரில் உள்ள கணக்கில் மட்டும் படங்கள் இருந்தால் உங்களுக்கும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போனைச் சர்வீசுக்குக் கொடுக்கும் முன்னும் இதைச் செய்யுங்கள்.

கோப்புக்குப் பெயர் வையுங்கள்: "2024 பொங்கல் மறுநாள், அம்மா, சித்தி, பின்கட்டு" என்று. காகிதப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் விழ வைக்கும்.

லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்க முடியாது, உள்ளே புகுந்த ஈரம் வெளியே வராது. பிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், ஒட்டாது. வெயில் நேராக விழும் சுவர், ஓதம் ஏறும் சுவர், சாமி விளக்குப் புகை படும் இடம் மூன்றும் வேண்டாம்.

பிரிண்ட் போடும்போது பெற்றோருக்கு ஒன்று கையில் கொடுங்கள். போன் திரையைத் தள்ளிப் பார்க்க அவர்களுக்குச் சிரமம். அப்பா தன்னுடைய 4×6 படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார். மறுநாள் "இன்னும் ரெண்டு போடுவியா?" என்று கேட்டார்.

11. அந்த ஒரு படம்

கேட்கவே சங்கடமான விஷயம் இது. ஆனால் எங்கள் அனுபவத்துக்குப் பிறகு சொல்லாமல் விட முடியாது. இறுதி நாளில் வைக்கப்போகும் படம் எது என்பதை அவர்களே முடிவு செய்துவிட்டால், விடியற்காலையில் நீங்கள் போனைத் தடவிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நேராகக் கேட்க வேண்டாம். எடுத்த படங்களை அச்சிட்டு மேசையில் பரப்பி, "இதுல எதைப் பெரிசு பண்ணலாம்?" என்று கேளுங்கள். புரிந்துகொள்வார்கள்.

அப்பாவுக்கு இப்போது 74. ஸ்டுடியோவில் கோட்டுப் போட்டு எடுத்ததைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். அவர் அதை ஓரமாக நகர்த்திவிட்டு, பேரன் தோளில் சாய்ந்திருக்க, வெள்ளைப் பனியனோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்த படத்தை எடுத்தார். "இதுல நான் நல்லா இருக்கேன். பையனை வெட்டாம போடு" என்றார். அந்தக் கோப்பு "அப்பா தேர்ந்தெடுத்தது" என்ற பெயரில் என்னிடமும் தம்பியிடமும் தனித்தனியாக இருக்கிறது. 12×18-ல் ஒரு பிரிண்டும் போட்டு, இப்போதே கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.